தடை விலகிய பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள்தான்

வறட்சி தணிந்ததால் புல்தரைக்கு நீர் பாய்ச்சும் கட்டுப்பாடு நீக்கப்படுகிறது என்ற அறிவிப்பு வந்த அன்று மாலையே, வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் இயங்கிவந்த தெளிப்பானின் டைமரை நாள்தோறும் இயங்கும்படி மாற்றிவிட்டேன். மூன்றாம் நாள் கொட்டும் மழைக்கு நடுவே அது தன் பங்குக்குச் சுழன்றுகொண்டிருந்ததைச் சன்னல் வழியே பார்த்தபோது வெட்கமாக இருந்தது. அன்றே பழைய கணக்குக்குத் திரும்பிவிட்டேன்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நின்றால் அது ஒரு லிட்டர் நீர். கோடையில் புல்லுக்கு வாரம் 25 மில்லிமீட்டர் வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படும் அளவை 100 சதுர மீட்டர் புல்தரைக்குக் கொடுத்தால், 2,500 லிட்டர் செலவாகும். நம் தெளிப்பான் உண்மையில் எவ்வளவு தருகிறது என்பதை அறிய, நேரான பக்கங்களுள்ள தகர டப்பாக்களை அங்கங்கே வைத்து, கால் மணி நேரம் ஓடவிட்டு, அளவுகோலால் அளந்தாலே போதும். நான் அளந்தபோது ஒரு மூலையில் 4 மில்லிமீட்டரும் மறு மூலையில் 11 மில்லிமீட்டரும் இருந்தன. காய்ந்த மூலைக்காக இத்தனை நாளும் தரை முழுவதையும் நனைத்திருக்கிறேன்.

நாள்தோறும் சிறிது சிறிதாக நனைத்தால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு ஆழமாக நனைத்தால்தான் அது கீழே இறங்கும். களிமண் நீரை மெதுவாகவே உறிஞ்சும் என்பதால், ஒரே மூச்சில் பாய்ச்சித் தெருவுக்கு ஓடவிடாமல், பத்து நிமிடம் பாய்ச்சி, அரை மணி நேரம் ஊறவிட்டு, மீண்டும் பாய்ச்சுகிறேன். நடந்த தடத்தில் புல் நிமிராமல் படுத்தே கிடந்தால் மட்டுமே அதற்குத் தாகம் என்று கொள்கிறேன்.

கலிபோர்னியாவில் 2017 ஏப்ரலில் பெரும்பாலான மாவட்டங்களில் வறட்சி நெருக்கடிநிலை விலக்கப்பட்டபோதும், மழையின்போதும் மழை பெய்து ஓய்ந்த உடனேயும் புல்தரைக்கு நீர் பாய்ச்சக் கூடாது என்ற தடை தொடர்ந்தது. அது எனக்குச் சரியாகவே படுகிறது. நல்ல மழைக்காலம் ஒன்றிலேயே நீர்த்தேக்கம் நிரம்பிவிடலாம். ஆனால் வறட்சியில் இறைத்துத் தீர்த்த நிலத்தடி நீர் மீள ஆண்டுகள் பிடிக்கும்.

வேலியோரத்தில் ஒரு பகுதி இன்னும் பழுப்பாகத்தான் இருக்கிறது. பல புல்வகைகள் வறட்சியில் உறங்கிப் பின்னர் துளிர்ப்பவை என்பதால், அதை இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன்.