குரங்குக்குக் காது சோதிக்கப் போய் எனக்கு நெஞ்சு எக்ஸ்ரே

அமெரிக்க ஆய்வகத்தில் ரீசஸ் குரங்குகளின் கேட்கும் திறனை அளக்கப் போகும் நம்மவர்களே, குரங்கு அப்புறம். முதலில் உங்கள் காகிதங்கள். நம்மிடமிருந்து காசநோயும் தட்டம்மையும் அவற்றுக்குத் தொற்றும் என்பதால், இரண்டுக்கும் சான்று இல்லாமல் கூண்டறைப் பக்கமே விடமாட்டார்கள்.

குழந்தையிலேயே பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட கை நம்முடையது. காசநோய்க்காகத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையில், பிசிஜி போட்டவர்களுக்கும் புடைக்கலாம்; எனக்குப் புடைத்துவிட்டது. ஊழியர் நல அலுவலகத்து அம்மணியிடம் பிசிஜி பற்றி எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. எக்ஸ்ரே எடுத்து வா என்றார். எடுத்துப் போனால் மருத்துவர் கையெழுத்து எங்கே என்றார். பிசிஜியால் குழம்பாத ரத்தப் பரிசோதனை உண்டு, இக்ரா என்பார்கள். எடுத்த எடுப்பிலேயே அதைக் கேளுங்கள். தட்டம்மை ஊசி போட்ட அட்டை தொலைந்திருந்தால் அதற்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதல் ஏற்கெனவே இருந்தது. என் பெயரைச் சேர்த்ததோடு சரி.

சோதனை, நம்மூரில் பச்சைக்குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க எடுக்கும் பெராவேதான் (BERA). மயக்கம் கொடுத்து, உச்சந்தலையிலும் காதுக்குப் பின்னாலும் ஊசி மின்முனை செருகி, காதில் ‘க்ளிக்’ ஒலி கொடுத்துச் சராசரி எடுத்தால் மூளைத்தண்டின் அலைகள் தெரிய வேண்டும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் 60 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல்! கருவி விற்றவர்களுக்குப் போன் போட்டால் “எர்த்தைப் பாருங்கள்” என்ற ஒரே பாட்டு. எர்த் சரியாகவே இருந்தது. குரங்கின் உடம்பு குளிர்ந்தால் அலைகள் தாமதமாகும் என்று அடியில் போட்டிருந்த மின்சாரச் சூட்டு மெத்தைதான் வில்லன். வெந்நீர் ஓடும் மெத்தைக்கு மாறியதும் இரைச்சல் அடங்கியது. க்ளிக் வேகத்தையும் நொடிக்கு 27.7 போல, 60-ஐ மீதியின்றி வகுக்காத எண்ணாக வையுங்கள்; அப்போதுதான் சராசரி எடுக்கையில் மின்சார இரைச்சல் கழியும்.

மயக்கம் கொடுத்ததும் முதல் வேலை காதுக்குள் பார்ப்பது. குறும்பி அடைத்திருந்தால் நல்ல காதும் செவிடாகத் தெரியும், மயக்க நேரம் வீண். மருத்துவமனைக் கருவியை இரவல் வாங்குவதானால் எந்த அதிர்வெண் வரை போகும் என்று கேட்டுவிடுங்கள். பல 8 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். குரங்குக்கு 30-க்கு மேலும் கேட்கும்.

கடைசியில் இரண்டு காதையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிட்டோம். விலங்கு மருத்துவரே கை கொடுத்தார். ஒன்று மட்டும்: ஒலி கேட்டால் நெம்புகோல் அழுத்தப் பழக்கிய குரங்குகளிடம் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டால், பெராவில் கிடைக்கும் குறைந்தபட்ச ஒலி அளவு கூடுதலாகவே இருக்கும். குரங்குக்குக் காது மந்தம் என்று எழுதிவிடாதீர்கள்.