பூசலார் நாள் குறித்தார்

அண்ணன் கைக்குழந்தையாக இருந்தபோது இதயத்தில் ஓட்டை என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து அம்மா வேண்டிக்கொண்டது இதுதான்: பிள்ளை பிழைத்தால் ஒரு மண்டலம் விரதம் இருந்து, லட்சம் 'நமசிவாய' எழுதி, திருநின்றவூர் இருதயாலீஸ்வரர் பாதத்தில் கொண்டுவந்து வைக்கிறேன். அண்ணன் பிழைத்தான். படித்தான், வேலைக்குப் போனான், கல்யாணம் ஆனது. இப்போது அவன் பெரிய பெண்ணே பத்தாவது படிக்கிறாள். வேண்டுதல் மட்டும் பாக்கி நின்றது.

அம்மா மறந்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். மறந்த நாளே கிடையாது. தூரமும் காரணமில்லை. நாங்கள் இருப்பது அம்பத்தூரில். ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி தாண்டினால் திருநின்றவூர். வேலைக்குத் திருவள்ளூர் போய்வந்த காலமெல்லாம் அப்பா தினமும் அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் போனார்.

அம்மாவைத் தடுத்தது அவளுடைய சுத்தம். எழுதும்போது ஓர் எழுத்து பிசகினால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிடுவாள். மனசு வேறெங்கோ போயிருந்தபோது எழுதிய பக்கங்களையும் கணக்கில் சேர்க்க மாட்டாள். விரதம் தொடங்குவாள். பங்காளி வீட்டில் ஒரு சாவு, தீட்டு. மறுபடி முதலிலிருந்து. அப்புறம் யாருக்காவது காய்ச்சல், ஆஸ்பத்திரிக்கு அலைச்சல், வேளைக்குக் குளித்துப் பூஜை செய்ய முடியாது. மறுபடி முதலிலிருந்து. "அரைகுறையா அவர் முன்னாடி போய் நிக்கக் கூடாதுடி" என்பாள். அந்த உறுதியைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதை விடப் பெரிய பக்தியை நான் கண்டதில்லை. ஆனால் வருஷம் போகப் போக அது பயமாக மாறியதையும் பார்த்தேன். கடைசியில் புது நோட்டு வாங்குவதையே நிறுத்திவிட்டாள். தொடங்கினால்தானே குறை வரும்?

இந்த முறை நாள் குறித்தது அண்ணன். திங்கட்கிழமையும் பிரதோஷமும் சேர்ந்து வந்தது. "பிழைச்சவன் நான்தானேம்மா, நானே கூட்டிட்டுப் போறேன். இருக்கிற நோட்டை எடுத்துக்கோ" என்றான். கண் ஆபரேஷன் முடியட்டும், ஆடி கழியட்டும் என்று அம்மா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அவன் விடவில்லை.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது ஈசன் அருள். ஸ்டேஷன் மேம்பாலத்துப் படிகளில்தான் அம்மாவின் முழங்கால் பட்ட பாடு! ஒவ்வொரு படிக்கும் ஒரு 'சிவசிவா'. வெளியே வந்தால் ஆட்டோவுக்கு வாய்க்கு வந்த தொகை கேட்கிறார்கள். வயசானவர்களும் இதய நோயாளிகளும் வருகிற ஊர் என்று தெரிந்தே கேட்கிறார்கள் என்பதுதான் மனசை வருத்துகிறது. இறங்கியதும் அர்ச்சனைத் தட்டை அம்மா கையில் திணித்து, இதயத்துக்குத் தனிப் பரிகாரம் உண்டு, அதற்கு இவ்வளவு ஆகும் என்று ஒருவர் கூடவே வந்தார். அண்ணன் அதட்டிய பிறகுதான் விலகினார்.

உள்ளே பிரதோஷக் கூட்டம். நந்தி அபிஷேகம் பார்க்க ஒருவர் மேல் ஒருவர் ஏறாத குறை. அம்மாவைத் தூணோரம் நிறுத்திவிட்டு நான் வரிசையில் நின்றேன். நகரவே இல்லை. அந்த நேரத்தில்தான், இதே ஊரில் வாழ்ந்து மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய நாயன்மார் பூசலாரைப் பற்றி இதுவரை தோன்றாத ஒன்று தோன்றியது.

அவரும் அம்மாவைப் போலத்தான், எதிலும் குறை வைக்காதவர். கோயில் கட்டப் பொருள் தேடி அலைந்து, கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். மனசுதானே என்று விட்டாரா? நல்ல நாள் பார்த்தார். ஆகமப்படி அடித்தளம் போட்டார். ராத்திரியும் கண் மூடவில்லை. அடியிலுள்ள உபானம் முதல் உச்சியிலுள்ள சிகரம் வரை எழுப்பி, அதன் மேல் தூபி நட்டு, சுண்ணச் சுதை பூசி, கிணறு வெட்டி, மதில் சுற்றி, குளமும் தோண்டினார் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது பெரியபுராணம். அப்புறம் பிரதிஷ்டைக்கு நாள் குறித்தார்.

இந்த இடத்தில்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் நினைத்திருந்தால் இன்னும் ஒரு பிராகாரம், இன்னும் ஒரு கோபுரம் என்று ஆயுசு முழுக்கக் கட்டிக்கொண்டே இருந்திருக்கலாமே! மனக்கோயிலுக்குக் கல் தீருமா, காசு தீருமா? போதும் என்று சொல்ல அவரைத் தவிர ஆளில்லை. அவர் சொன்னார். காஞ்சியில் கற்றளி, அதாவது கற்கோயில், எழுப்பிய காடவர்கோன் என்னும் பல்லவ மன்னனும் பிரதிஷ்டைக்கு அதே நாளைத்தான் வைத்திருந்தான். கயிலாசநாதர் கோயில் கட்டிய ராஜசிம்ம பல்லவனே அவன் என்பார்கள். ஈசன் அவன் கனவில் போய், நாளை நின்றவூர்ப் பூசலின் கோயிலுக்குள் புகப்போகிறோம், நீ உன் நாளைத் தள்ளி வைத்துக்கொள் என்றார். மன்னன் நாள் மாறியது. பூசலார் நாள் மாறவில்லை.

முழுமையைத் தேடுவது தப்பில்லை. நாள் குறிக்காமல் தேடினால் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவோம், பக்தியின் பெயரைச் சொல்லிக்கொண்டே. ஆகமம் படித்த குருக்களே பூஜை முடிவில் 'மந்த்ரஹீனம் க்ரியாஹீனம் பக்திஹீனம்' என்று குறை பொறுக்கச் சொல்லித்தானே முடிக்கிறார்? குறை வரும் என்று தெரிந்து முன்னோர் வைத்த வழி அது. அம்மாவும் அதைத் தினமும் வீட்டில் சொல்கிறவள்தான்.

சந்நிதி வந்தது. உள்ளே லிங்கத் திருமேனி, பக்கத்திலேயே பூசலார். கட்டிய கோயிலில் தானும் இடம் பெற்ற அடியார்! மன்னிப்புக் கேட்க அம்மா வீட்டிலிருந்தே என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அண்ணன் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தான். தீபாராதனை வெளிச்சத்தில் அவன் நெஞ்சில் அந்தப் பழைய தழும்பு. அம்மா அவனை முன்னால் இழுத்து, தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்து, "இவன்தான்... பாருங்க, இவன்தான்" என்றாள். அவ்வளவுதான் அவள் சங்கல்பம். அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் அழுது நான் பார்த்ததே இல்லை.

நோட்டுகளைக் குருக்கள் வாங்கிக்கொண்டு போய்ச் சுவாமி முன்னால் வைத்தார். எத்தனை எழுதியிருக்கிறது, அடித்தல் திருத்தல் உண்டா, ஒன்றும் கேட்கவில்லை. லட்சத்துக்கு இன்னும் எவ்வளவோ பாக்கி. ஒரு வில்வமும் விபூதியும் நோட்டின் மேல் வந்தது. பின்னால் கூட்டம் தள்ளியது, நகர்ந்துவிட்டோம். மரகதாம்பிகை சந்நிதியில் என்ன வேண்டினோம் என்று கேட்டால் எங்களில் யாருக்கும் நினைவில்லை.

அருகிலேயே பக்தவத்சலப் பெருமாள் கோயில், திருமங்கையாழ்வார் பாடிய திவ்யதேசம். என்னைப் பெற்ற தாயார் சந்நிதியில் அம்மா வெகுநேரம் கைகூப்பி நின்றாள். முழங்கால் வலியைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஓட்டை விழுந்த நெஞ்சை மூடிக்கொடுத்து, அதில் இத்தனை வருஷத் துடிப்பையும் வைத்துக்கொடுத்தவனுக்கு நாங்கள் எதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட முடியும்? அம்மா புது நோட்டு வாங்கிவிட்டாள். பிசகினால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததை எழுதுகிறாள். வரும் ஐப்பசி அனுஷம் பூசலார் குருபூஜை. அன்று எவ்வளவு எழுதியிருக்கிறதோ அவ்வளவோடு, பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறோம். சிவாயநம.