டிராகுலாவில் என் நாயகி மினாதான்

டிராகுலா என்றதும் எல்லோருக்கும் கறுப்பு அங்கியும் கோரைப்பல்லும்தான் ஞாபகம் வரும். அது படங்கள் செய்த வேலை. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய நாவலை எடுத்துப் படித்தால், முதல் நாலு அத்தியாயத்துக்கு அப்புறம் டிராகுலா பிரபு எப்போதாவதுதான் நேரில் வருகிறார். கதையைச் சுமப்பது மினா. அவளைப் போய் டிராகுலாவின் காதலியாக்கிய படங்களை என்னால் ஏற்கவே முடியவில்லை.

மினா பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை. சுருக்கெழுத்து, தட்டச்சு இரண்டும் கற்றவள், ரயில் நேரங்கள் மனப்பாடம். ரத்தக்காட்டேரியை எதிர்க்க இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். ஆனால் இந்த நாவலே நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துணுக்கு என்று சிதறிக் கிடக்கிற காகிதங்கள்தான். கணவன் ஜோனதன் டிராகுலாவின் கோட்டையில் பட்டதைச் சுருக்கெழுத்தில் எழுதி வைத்திருக்கிறான், டாக்டர் சீவர்டோ தன் நாட்குறிப்பை ஃபோனோகிராஃப் என்ற அந்தக் கால ஒலிப்பதிவுக் கருவியில் பேசிப் பதிந்து வைத்திருக்கிறார், அதில் வேண்டிய இடத்தைத் தேடி எடுக்க அவருக்கே வழி தெரியாது. ஆளுக்குக் கொஞ்சம் தெரியும், முழுசாக யாருக்கும் தெரியாது. மினா உட்கார்ந்து அத்தனையையும் தட்டச்சு செய்கிறாள், கணவனோடு சேர்ந்து தேதிவாரியாக அடுக்குகிறாள். அதைப் படித்த பிறகுதான் சீவர்டுக்கு உறைக்கிறது, டிராகுலா வாங்கிய வீடு தன் மனநல விடுதிக்குப் பக்கத்து வீடு என்று!

இத்தனையும் செய்தவளை, இது ஆண்கள் பார்க்க வேண்டிய வேலை என்று அறையில் விட்டுவிட்டு வேட்டைக்குப் போகிறார்கள். அவளுடைய அறிவைப் புகழ்ந்து பேசிய, வேட்டையை வழிநடத்தும் பேராசிரியர் வான் ஹெல்சிங்தான் அதை முன்னின்று சொல்கிறார். ஒன்றும் சொல்லாமல் வைத்ததால்தான் அவள் டிராகுலாவிடம் மாட்டுகிறாள். தனக்குத் தினமும் உடம்பு ஏன் இப்படிச் சோர்கிறது என்று புரியாமல் அவள் எழுதும் அந்தப் பக்கங்கள், கோட்டைக் காட்சிகளைவிட எனக்கு அதிகம் பயம் தந்தவை. நமக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை.

டிராகுலா அவளிடம் வந்த ஓர் இரவில் கையெழுத்துப் பிரதிகளையும் ஃபோனோகிராஃப் உருளைகளையும் நெருப்பில் போடுகிறான். ஆனால் மினா ஒவ்வொன்றையும் மூன்று பிரதியாக அடித்திருந்தாள், ஒன்று இரும்புப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு உற்சாகம் பொங்கும்.

அதற்கப்புறம் அவள் ஓய்ந்துவிடவில்லை. அவள் மனதுக்கும் அவன் மனதுக்கும் ஒரு தொடர்பு உண்டாகிவிட்டது. அதை வைத்து அவனைப் பின்தொடர, விடியலுக்கு முன் என்னை ஹிப்னாடிச மயக்கத்தில் ஆழ்த்திக் கேளுங்கள் என்று வான் ஹெல்சிங்கிடம் சொல்வதே அவள்தான். தப்பித்துப் போகிறவன் எந்த ஆற்று வழியாகப் போவான் என்பதையும் வரைபடத்தை வைத்துக்கொண்டு, சாலை, ரயில், ஆறு என ஒவ்வொன்றாக அலசி அவளே கண்டுபிடிக்கிறாள். நடுவில் தான் முழுக்க ரத்தக்காட்டேரியாக மாறிவிட்டால் தன்னைக் கொன்றுவிடச் சொல்லிச் சத்தியம் வாங்குகிறாள், அழாமல்.

முடிவுக் குறிப்பில் ஜோனதன், நம்மிடம் மூலப் பத்திரம் என்று அநேகமாக ஒன்றுமில்லை, எல்லாம் தட்டச்சுக் காகிதம், யார் நம்புவார்கள் என்கிறான். அவனுக்கு அது குறை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் படித்து முடித்த புத்தகமே மினா தட்டச்சு செய்ததுதானே.