டி டிரைவுக்கும் ஒரு பூட்டு

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். நான் நாலு கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதுவது, மாமனார் பேப்பர் படிப்பது, லீவுக்கு வரும் அண்ணன் மகன் கேம் ஆடுவது, எல்லாம் அதில்தான். போன மே மாதம் கேம் போட இடம் போதவில்லை என்று டி டிரைவைத் துழாவியிருக்கிறான். டேலி ஒவ்வொரு கம்பெனியின் டேட்டாவையும் வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டரில் வைக்கும். 10000, 10001 என்று கிடந்ததைப் பார்த்துக் குப்பை என்று நினைத்து, ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாதபடி ஷிஃப்ட் டெலீட் அடித்துவிட்டான். விஷயம் தெரியாதிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். பென்டிரைவில் இருந்த பேக்கப் பதினொரு நாள் பழசு, அந்தப் பதினொரு நாள் பில்களையும் தேடியெடுத்து மறுபடி என்ட்ரி போட்டேன்.

எரிச்சல் என்னவென்றால், அவனுக்கு ஏற்கனவே தனி அக்கவுண்ட் போட்டுக் கொடுத்திருந்தேன். எல்லா அதிகாரமும் உள்ள அட்மின் கூட இல்லை, சாதாரண ஸ்டாண்டர்ட் யூசர்தான். அப்புறம் எப்படி அழிக்க முடிந்தது?

தோண்டிப் பார்த்ததில் புரிந்தது. ஸ்டாண்டர்ட் அக்கவுண்டில் இருப்பவர் சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் அடுத்தவர் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எதையும் திறக்க முடியாது, விண்டோஸ் ஃபைல்களிலும் கை வைக்க முடியாது. ஆனால் தனியாகப் பிரித்து ஃபார்மட் செய்த டி டிரைவில் விண்டோஸ் தானாகப் போடும் அனுமதி வேறு: லாகின் செய்த யாரும் எழுதலாம், மாற்றலாம், அழிக்கலாம். நம்ம ஊரில் சிஸ்டம் போட்டுத் தருபவர்கள் ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்துக் கொடுத்து, "முக்கியமானதெல்லாம் டி-ல வைங்க, சி-யை ஃபார்மட் அடிச்சாலும் போகாது" என்று சொல்லித்தானே அனுப்புகிறார்கள்? கல்யாண ஆல்பத்திலிருந்து பத்திர ஸ்கேன் வரை, வீட்டில் விலைமதிப்பான எல்லாமே கதவில்லாத அறையில்தான் கிடக்கிறது.

சரி, பூட்டலாம் என்று உட்கார்ந்தேன். டேலி டேட்டா இருக்கும் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ், அதில் செக்யூரிட்டி டேப். யூசர்ஸ் என்ற குரூப்பைத் தேர்ந்தெடுத்து டினை, அதாவது அனுமதி மறுக்கும் கட்டத்தில் டிக் போட்டேன். அடுத்த நிமிடம் எனக்கே ஃபோல்டர் திறக்கவில்லை! அட்மினாக இருந்தாலும் நானும் அந்த யூசர்ஸ் குரூப்பில் ஒருத்திதான், 'கூடாது' என்பது 'சரி' என்பதை அடித்துவிடும். ஃபோல்டருக்கு ஓனர் நான் என்பதால் திரும்ப மாற்ற முடிந்தது, இல்லையென்றால் இன்னொரு சுற்று அழுகை.

சரியான வழி டினை பக்கமே போகாதது. அதே டேபில் அட்வான்ஸ்டு, அங்கே டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ். டிரைவிலிருந்து வழிவழியாக இறங்கி வரும் அனுமதியை அது வெட்டிவிடும். இருக்கிற அனுமதிகளை இந்த ஃபோல்டருக்கே சொந்தமாக மாற்றவா என்று கேட்கும், ஆமாம் சொல்லிவிட்டு ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ் (லாகின் செய்த எல்லோரும்), யூசர்ஸ் இரண்டையும் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். சிஸ்டமும் (அது விண்டோஸேதான்) அட்மினிஸ்ட்ரேட்டர்ஸும் இருக்கட்டும். கூடவே என் பெயரை மட்டும் சேர்த்து ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தேன். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு வழி இல்லை, அவ்வளவுதான்.

அதோடு என் தினசரி அக்கவுண்டையும் ஸ்டாண்டர்டாக இறக்கிவிட்டு, அட்மினுக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொண்டேன் (முதலில் அந்த அட்மினை உருவாக்கி பாஸ்வேர்டு போட்டு ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் தன்னை இறக்கிக்கொள்ள வேண்டும்). ஏதாவது இன்ஸ்டால் செய்யும்போது பாஸ்வேர்டு கேட்கும், அது ஒரு தொல்லைதான், ஆனால் மாதத்தில் இரண்டு தடவை வருமா?

இதெல்லாம் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் காவல். விண்டோஸுக்குப் பதிலாக பென்டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற வேறு ஆபரேட்டிங் சிஸ்டத்தை பூட் செய்தால், டிரைவ் என்கிரிப்ட் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) ஆகாமல் இருந்தால், எல்லா ஃபோல்டரும் திறந்த வீடு. ஒன்பதாவது படிக்கிற பையனுக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றாது என்று நம்புகிறேன். ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட் என்றால் எதுவுமே இன்ஸ்டால் ஆகாது என்றும் நினைக்க வேண்டாம். குரோம் மாதிரிச் சில, அட்மின் பாஸ்வேர்டு இல்லாவிட்டால் அந்த யூசரின் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். பேக்கப் எடுத்த பென்டிரைவுக்கும் இந்தப் பூட்டு கிடையாது, அது எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் செக்யூரிட்டி டேபே வராது. அதை பீரோவில்தான் வைக்கிறேன்.

தீபாவளிக்கு வந்தவன் வந்ததும் வராததுமாக டி டிரைவைத் திறந்தான். எனக்கு அடுக்களை வரை கேட்டது, அந்த 'டங்' சத்தம். "அத்தை, உள்ள என்ன வச்சிருக்கீங்க?" என்றான். ஜிஎஸ்டி பில்லு என்றேன். அவனுக்கென்று பக்கத்திலேயே ஒரு ஃபோல்டர் போட்டு வைத்திருந்தேன், அதற்கு 20000 என்று பெயர் வைத்திருக்கிறான்.