போர்ட்ஃபோலியோ கட்டப்போய் நான் பட்ட பாடு

"உங்க ப்ராஜெக்டைத் திறந்து காட்டுங்க" என்றார் நேர்காணல் எடுத்தவர். செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் என் போர்ட்ஃபோலியோ தளத்திலிருந்து திறந்தேன். வெள்ளைத் திரை. சுற்றிக்கொண்டே இருந்தது. முந்தின நாள் இரவு வரை ஓடிய அதே பக்கம்தான். ஒரு நிமிடம் கழித்துப் பக்கம் வந்தது, ஆனால் பாதிப் படங்களைக் காணோம். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

காரணம் இரண்டு. அந்த ப்ராஜெக்டுக்கு நான் நம்பியிருந்த இலவச சர்வர், கொஞ்ச நேரம் யாரும் வராவிட்டால் தூங்கிவிடும், எழுந்துவர நேரமாகும். படங்கள் வராததற்குக் காரணம் ஃபைல் பெயரில் இருந்த பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் விடாது. பெயரை மாற்றி புஷ் செய்தேன் (ஆன்லைனுக்கு ஏற்றினேன்), அப்போதும் சரியாகவில்லை. விண்டோஸில் பெரிய எழுத்தைச் சின்னதாக மட்டும் மாற்றினால், கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டுக்கே (Git) தெரிவதில்லை. பெயர் மாற்றும் கட்டளையான 'கிட் எம்வி' கொடுத்த பிறகுதான் வழிக்கு வந்தது. உங்கள் இணைப்பை லேப்டாப்பில் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். லாகின் செய்யாத வேறொரு ஃபோனில் திறந்து பாருங்கள்.

போர்ட்ஃபோலியோ தளம் அமைப்பதெல்லாம் ஒரு மாலை வேலை. கோடைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் வலைப்பக்கச் சேவையான கிட்ஹப் பேஜஸில் போட்டேன், முடிந்தது. நிஜமான வேலை பழைய ரெப்போக்களை (ப்ராஜெக்ட் கோடு இருக்கும் கிடங்குகளை) பொதுவில் திறந்தபோதுதான் ஆரம்பித்தது. இரண்டாம் பருவ ப்ராஜெக்ட் ஒன்றில் ஏபிஐ கீயை, அதாவது வெளிச் சேவை ஒன்றைப் பயன்படுத்தத் தரும் ரகசியச் சாவியை, கோடுக்குள்ளேயே எழுதியிருந்தேன். அந்த வரியை அழித்து கமிட் செய்துவிட்டு (மாற்றத்தைக் கிட்டில் பதிந்துவிட்டு) நிம்மதியாக இருந்தேன். மறுநாள் காலை அந்தக் கீயின் பயன்பாட்டு வரம்பு மொத்தமும் தீர்ந்துபோயிருந்தது. கடைசி கமிட்டில் அழித்தாலும் பழைய கமிட்களில் கீ அப்படியே இருக்கும். பொது ரெப்போக்களில் இதைத் தேடுவதற்கென்றே பாட்கள் என்ற தானியங்கி நிரல்கள் அலைகின்றன. இப்படி நடந்தால் முதலில் அந்தக் கீயை ரத்து செய்யுங்கள். 'ஃபில்டர்-ரெப்போ' என்ற கருவியை வைத்து வரலாற்றைச் சுத்தம் செய்வது அப்புறம். ஒருவர் ஏற்கெனவே எடுத்துவிட்ட கீயை வரலாற்றைத் திருத்தி மீட்க முடியாது.

தரவு கொடுத்துப் பயிற்றுவித்த மெஷின் லேர்னிங் மாடல் ஃபைலும் மல்லுக்கட்டியது. கிட்ஹப்பில் ஒரு ஃபைல் 100 எம்பியைத் தாண்டக் கூடாது. அதையும் வரலாற்றிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு சந்தோஷமும் உண்டு. லேப் கணினியில் வேறு மின்னஞ்சலோடு செய்த மாதக்கணக்கான கமிட்கள் என் கணக்கில் சேராமலே கிடந்தன. அந்த மின்னஞ்சலைக் கிட்ஹப் கணக்கில் சேர்த்ததும் அத்தனையும் என் பெயருக்கு வந்தன. அன்றைக்கு இருந்த பூரிப்பைச் சொல்லி முடியாது.

வகுப்பு அசைன்மென்ட் விடைகளை மட்டும் பொதுவில் போடாதீர்கள்; பல படிப்புகளில் அது விதிமீறல். குழு ப்ராஜெக்ட் என்றால் எந்தப் பகுதி உங்களுடையது என்று ரெப்போவின் அறிமுகக் குறிப்பான ரீட்மீயிலேயே எழுதிவிடுங்கள். என்னிடம் முதலில் கேட்டதே அதுதான்.

அடுத்த நேர்காணலுக்குள் பதினொரு ப்ராஜெக்டை மூன்றாகக் குறைத்தேன். ஒவ்வொரு ரீட்மீயின் தலையிலும், அது ஓடுவதைக் காட்டும் சின்ன வீடியோ ஒன்றை வைத்தேன். சர்வர் தூங்கினாலும் காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே. நான் பெருமைப்பட்ட மாடலை நேர்காணல் எடுத்தவர்கள் தொடவே இல்லை. நூலக அட்டவணையைத் தேடும் ஒரு குட்டி நிரலை எடுத்தார்கள். அதன் ரீட்மீயில் "முதலில் செய்த வழி ஏன் சரிப்படவில்லை" என்று நான்கு வரி எழுதியிருந்தேன். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம்.