சாம்பல் கல்லில் ரேடியம் தேடியது: கொழும்பில் ஒரு முதுமாணி ஆய்வு

அணு விஞ்ஞானத்தில் முதுமாணி செய்கிறேன் என்று சொன்னால் வெள்ளவத்தையில் வருகிற முதல் கேள்வி "குண்டு செய்யவோ?" என்பது, அடுத்தது "அப்ப வெளிநாடு போற ஐடியாவோ?" என்பது. இரண்டுக்கும் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். இப்போது ஆய்வறிக்கையும் கொடுத்து வைவா என்ற வாய்மொழித் தேர்வும் முடிந்துவிட்டது, அதனால் வேலைக்கும் போய்க்கொண்டு வார இறுதியில் இப்படி ஓர் ஆய்வைச் செய்ய யோசிக்கிற பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று, நிலக்கரிச் சாம்பலில் செய்த கல்லிலிருந்து எவ்வளவு கதிர்வீச்சு வருகிறது என்று நான் அளந்த கதையை எழுதி வைக்கிறேன். பௌதிகத்துக்குப் பயப்படத் தேவையில்லை, உயர்தரத்தில் படித்த அரைவாழ்வுக் காலம், அதாவது கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், அதுதான் கடைசிவரை கூட வருகிறது. கதிர்வீச்சை எண்ணும் டிடெக்டருக்குள் நீங்கள் சேகரித்த மாதிரிப்பொருள் எப்போது போகும் என்ற வரிசையைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும், தலைப்பைக்கூட அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

இலங்கையில் அணு உலை கிடையாது, ஆய்வுக்கான சின்ன உலைகூட இல்லை. அதனால் நியூத்திரனால் அடித்து மூலகங்களைக் கண்டுபிடிக்கிற வேலையெல்லாம் செய்ய ஆசைப்பட்டால் மாதிரியை வெளிநாட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். இங்கே இருப்பவை வேறு: கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அணு விஞ்ஞானத் துறை, ஒருகொடவத்தையில் அணுசக்திச் சபை, பியகமவில் கோபால்ட் 60 என்ற கதிர்மூலத்தை வைத்துப் பொருட்களைக் கிருமி நீக்குகிற காமா நிலையம். 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அனுமதிப்பத்திரம் கொடுக்கிற ஒழுங்குறுத்தற் சபை தனியாகப் பிரிந்துவிட்டது. மாணவருக்கு அந்தப் பக்கம் பெரிதாக அலைச்சல் இல்லை, அளவுதிருத்தம் செய்யப் பயன்படும் கதிர்மூலங்கள் எல்லாம் ஆய்வுகூடத்தின் பொறுப்பிலேயே இருக்கும், நீங்கள் கையொப்பமிட்டு எடுத்து, கையொப்பமிட்டுத் திருப்பிக் கொடுப்பதுதான்.

எனக்கு முதலில் இருந்த ஆசை கடற்கரை மண். பேருவளைப் பக்கமும் புல்மோட்டையிலும் மண்ணில் மொனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதற்குள் தோரியம் என்ற கதிரியக்க மூலகம். ஆனால் அதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நானும் போய் இன்னொரு வாளி மண் அள்ளி வந்து என்ன புதிதாகச் சொல்லப் போகிறேன் என்று என் சுப்பர்வைசர் சேர் கேட்டார். கேட்டது நியாயம்தான். அவர்தான் நிலக்கரிச் சாம்பல் பக்கம் திருப்பிவிட்டார்.

நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்கள் ஓடுகின்றன. நிலக்கரி எரியும்போது காபன் போய்விடுகிறது, ஆனால் அதற்குள் இருந்த யுரேனியம், தோரியம், ரேடியம் எல்லாம் பெரும்பாலும் சாம்பலோடு தங்கிவிடுகின்றன, எடை குறைந்ததால் செறிவு பல மடங்கு கூடிவிடுகிறது. அந்தச் சாம்பல் இப்போது கொங்கிறீற்றுக்குள் போகிறது. இதற்கு ஒருபடி மேலே போய், சீமெந்தே இல்லாமல் சாம்பலைக் காரக் கரைசலில் பிசைந்து கல்லாக்கும் வித்தையும் உண்டு, ஜியோபொலிமர் என்பார்கள், ஜோசப் டேவிடோவிட்ஸ் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் 1970களில் வைத்த பெயர். சுண்ணாம்புக் கல்லைச் சுட வேண்டாம், கழிவும் ஒழிகிறது, எல்லாம் நல்லது. ஆனால் அந்தக் கல்லால் கட்டிய அறைக்குள் ஒரு குடும்பம் ஐம்பது வருஷம் இருந்தால் சுவரிலிருந்து எவ்வளவு காமாக் கதிர் வரும்? அதுதான் என் கேள்வி.

சாம்பல் எடுப்பது சுகமாக முடிந்தது. கொங்கிறீற்றுத் துறையில் வேலை செய்கிற தெரிந்த அண்ணா ஒருவர், சுப்பர்வைசரின் கடிதத்தை வைத்து இரண்டு வாளி தந்தார். கடிதம் சிங்களத்தில் இருந்தால்தான் வேகம். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த இன்னொரு கடிதம் வேறோர் அலுவலகத்தில் மேசைக்கு மேசை போய்க் காணாமலே போனது, எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. வாளியில் "கதிர்வீச்சு ஆய்வு மாதிரி" என்று பெரிதாக ஒட்டியிருந்தேன். அம்மா கண்டுவிட்டு, "பிள்ளை, இதோட பஸ்ஸில ஏறினா முதலாவது பொலிஸ்காரன் உன்னை இறக்கிப்போடுவான், கிழிச்சுப்போட்டுப் போ" என்றார். கிழித்துவிட்டு "சாம்பல்" என்று மட்டும் எழுதினேன். வாளிக்குள் இருந்ததும் அதுதானே.

கல் செய்வது நான் மிகவும் ரசித்த பகுதி. சாம்பலை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கறள் தூள் மாதிரி இருக்காது, முழுக்க முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடி உருண்டைகள், சிலது உள்ளே வெறுமையாக, சில பெரிய உருண்டைகளின் வயிற்றுக்குள் குட்டி உருண்டைகள். இந்தக் கண்ணாடியைத்தான் சோடியம் ஐதரொட்சைட்டு கரைக்கிறது. 10 மோலர் கரைசல் என்றால் லீற்றருக்கு 400 கிராம், தண்ணீரில் போடப் போட முகவை கையில் பிடிக்க முடியாத சூட்டுக்கு வரும், ஆறவிட்டு மறுநாள்தான் சோடியம் சிலிக்கேற்றைச் சேர்க்க வேண்டும். கொழும்புக் காற்றின் ஈரத்தில் ஐதரொட்சைட்டின் வெள்ளை மணிகள் போத்தலைத் திறந்த உடனேயே ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுக்கத் தொடங்கிவிடும். நிறுத்து முடிப்பதற்குள் தராசு ஏறிக்கொண்டே போகும், ஈரத்தை உறிஞ்சுகிறது. ஏசி போட்ட அறையில் காலையில் நிறுத்து உடனே மூடி வைப்பதுதான் நாங்கள் கண்ட வழி.

அச்சில் ஊற்றி, மேலே பொலித்தீன் சுற்றி, 60 பாகையில் ஒரு நாள் மின்னடுப்பில் வைத்தால் 50 மில்லிமீற்றர்க் கனசதுரங்கள் கரும் சாம்பல் நிறத்தில் வெளியே வரும். தட்டினால் மட்பாண்டத்தின் ஓசை. சிலவற்றில் நாளாக நாளாக வெள்ளைப் பூஞ்சணம் மாதிரி ஒன்று படர்ந்தது. பூஞ்சணம் இல்லை, மிஞ்சிய சோடியம் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து காபனேற்றாகி வெளியே பூத்திருக்கிறது. காரம் கூடிய கலவைகளில் அது அதிகம். அழுத்த வலிமை பார்க்கும் இயந்திரத்தில் கல் உடையும் சத்தத்துக்கு முதல் நாள் நான் திடுக்கிட்டேன், பக்கத்தில் நின்ற சிவில் பொறியியல் மாணவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி அணு விஞ்ஞானப் பக்கம். உடைந்த கற்களை இடித்து, 110 பாகையில் உலர்த்தி, சலித்து, மரினெல்லி என்ற பாத்திரத்தில் நிரப்ப வேண்டும். அடியில் குழி விழுந்த பிளாஸ்டிக் பாத்திரம் அது, டிடெக்டரின் தலை அந்தக் குழிக்குள் போய் உட்காரும், மாதிரி அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருக்கும். நிரப்பி, நிறுத்து, மூடியைச் சிலிக்கோனால் அடைத்து, மேலே நாடா சுற்றினால் அதோடு கிட்டத்தட்ட ஒரு மாதத்துக்கு உங்களுக்கு வேலையில்லை.

ஏன் ஒரு மாதம் என்று எல்லோரும் கேட்பார்கள், வீட்டில் உட்பட. ரேடியம் 226 ஐ நேரடியாக அளப்பது சிக்கல். அதன் சொந்தக் கோடு, அதாவது அது விடும் காமாக் கதிரின் சக்தி, 186 கிலோ இலத்திரன்வோல்ட்டில் வருகிறது, யுரேனியம் 235 இன் கோடும் அதே இடத்தில் வந்து இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். அதனால் அது சிதைந்து சிதைந்து உருவாகும் பேரப்பிள்ளைகளை எண்ணுகிறோம்: ஈயம் 214 இன் கோடு 352 இல், பிஸ்மத் 214 இன் கோடு 609 இல். நடுவில் இருக்கும் ரேடான் ஒரு வாயு, அரைவாழ்வு 3.82 நாள், மூடி சரியில்லை என்றால் அது தப்பிவிடும், பிறகு வரும் பிள்ளைகளின் கணக்கும் பிழையாகிவிடும். ஏழு அரைவாழ்வு, அதாவது ஏறத்தாழ 27 நாள் கடந்தால் ரேடியமும் அதன் வழிவந்தவையும் 99 வீதத்துக்குமேல் சமநிலைக்கு வந்துவிடும், அதன்பின் பிள்ளைகளின் எண்ணிக்கையே ரேடியத்தின் அளவைச் சொல்லும். இந்த ஒரு மாதத்தை யாராலும் சுருக்க முடியாது. எனவே எல்லாக் கற்களையும் செய்து முடித்துவிட்டு மொத்தமாக அடைப்போம் என்று காத்திருக்காமல், ஒரு கலவை தயாரானதும் அதை அடைத்து அலுமாரியில் வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

டிடெக்டர் உயர்தூய்மை ஜேர்மானியம். அதைத் திரவ நைதரசனால் மைனஸ் 196 பாகையில் வைத்திருக்க வேண்டும், அறை வெப்பநிலையில் இலத்திரன்கள் தாமாகவே துள்ளி வந்து இரைச்சலாக நிறைந்துவிடும். நைதரசன் ஊற்றுகிற நாளில் ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் தடித்த கையுறை போட்டு நிற்பார், வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்து எங்கள் கால்களுக்கிடையில் போகும், நான் அவசரப்பட்டால் "ஹெமின் நங்கி, ஹெமின்", மெதுவாகத் தங்கச்சி, என்பார். அவருக்குத் தமிழ் அரைகுறை, எனக்குச் சிங்களம் அரைகுறை, ஆனால் எந்தச் சக்தியில் எத்தனை கதிர் வந்தது என்று காட்டும் ஸ்பெக்ட்ரத்தில் ஓர் உச்சி கொஞ்சம் நகர்ந்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும். அந்த அய்யே (அண்ணா) இல்லாமல் என் ஆய்வு முடிந்திருக்காது, நன்றியுரையில் பேராசிரியர்களுக்கு அடுத்து அவர் பெயரைத்தான் போட்டேன். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களில் முந்தைய பட்ச்காரர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்ற கதைகளையும் அவரிடம்தான் கேட்டேன், இருந்து கேட்க வேண்டிய கதைகள்.

டிடெக்டரைச் சுற்றி ஈயக் கோட்டை, அதற்குள் செப்புத் தகடு. ஈயமே எக்ஸ் கதிர் விடும் என்பதால் அதைத் தடுக்கச் செப்பு. புதிய ஈயத்தில் கதிரியக்கமுள்ள ஈயம் 210 கலந்திருக்கும் என்பதால், மிக நுண்ணிய அளவீடுகளுக்குப் பழைய ஈயத்தைத் தேடுவார்கள். இத்தாலியில் மலைக்கு அடியில் நடக்கும் கியூவோரே என்ற நுண்துகள் பரிசோதனைக்கு, கடலில் மூழ்கிய ரோமானியக் கப்பலிலிருந்து எடுத்த இரண்டாயிரம் வருஷப் பழைய ஈயத்தைக் கவசமாக வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அந்த ஆடம்பரம் இல்லை, தேவையும் இல்லை.

ஆனால் பேக்ரவுண்டை, அதாவது மாதிரி இல்லாமலே சுற்றுப்புறத்திலிருந்து வரும் கதிர்வீச்சை, மட்டும் அசட்டை செய்ய முடியாது. வெறும் பாத்திரத்தை வைத்து எண்ணினாலே 1461 கிலோ இலத்திரன்வோல்ட்டில் பொற்றாசியம் 40 நிமிர்ந்து நிற்கிறது, சுவரிலிருந்து, நிலத்திலிருந்து, பக்கத்தில் நிற்கிற ஆளிலிருந்தும். மாதிரியை ஒரு நாள், அதாவது 86,400 செக்கன் எண்ணினால் வெறும் பாத்திரத்தையும் அவ்வளவு நேரம் எண்ண வேண்டும். பலர் இதைக் குறைக்கப் பார்ப்பார்கள். கணக்கு எளிது: ஓர் உச்சியில் 100 எண்ணிக்கை வந்தால் பிழை 10 வீதம், 10,000 வந்தால் 1 வீதம், வர்க்கமூலம்தான் எல்லாம். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். இந்த இடத்தில்தான் வரிசை இறுகுகிறது, ஏனென்றால் அதே டிடெக்டருக்கு மீன், தேயிலை, பால்மா என்று எத்தனையோ பேர் மாதிரி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். வெள்ளி பின்னேரம் வைத்து ஞாயிறு எடுப்பதாக நான் பேசி வைத்தேன், அந்த நேரத்துக்கு வேறு யாரும் வரமாட்டார்கள்.

அளவுதிருத்தத்துக்குச் சர்வதேச அணுசக்தி முகமையின் நியமப் பொருட்களைப் பாவித்தோம், யுரேனியம், தோரியம், பொற்றாசியம் மூன்றுக்கும் தனித்தனித் தூள் இருக்கிறது. அதையும் அதே வகைப் பாத்திரத்தில், அதே உயரத்துக்கு நிரப்ப வேண்டும். கல்லின் தூள் அடர்த்தி கூடியது, குறைந்த சக்திக் கோடுகளை அதுவே விழுங்கிவிடும், ஆகவே அடர்த்தித் திருத்தம் இல்லாத எண்ணை யாரும் நம்பமாட்டார்கள்.

கடைசியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013 பணிப்புரையில் கட்டடப் பொருட்களுக்கு இருக்கும் காமாச் சுட்டெண்ணைப் போட்டோம்: ரேடியத்தை 300 ஆலும் தோரியத்தை 200 ஆலும் பொற்றாசியத்தை 3000 ஆலும் வகுத்துக் கூட்டினால் 1 ஐத் தாண்டக் கூடாது, எல்லாம் கிலோவுக்குப் பெக்கரலில், பெக்கரல் என்பது செக்கனுக்கு ஓர் அணு சிதைவது. எங்கள் கற்கள் தாண்டவில்லை. தனிச் சாம்பல் சாதாரண மண்ணைவிடத் தெளிவாகக் கூடத்தான் காட்டியது, ஆனால் மணலும் கரைசலும் சேர்ந்ததும் ஐதாகி இறங்கியது. பொற்றாசியம் ஐதரொட்சைட்டு பாவித்த ஒரே கலவையில் பொற்றாசியம் 40 ஏறியது, அது எதிர்பார்த்ததுதான்.

வைவாவில் என்னை மடக்கிய கேள்வி இதுதான்: "சாம்பலின் ரேடியம் கண்ணாடி உருண்டைக்குள் பூட்டப்பட்டிருக்கிறது, அதனால் ரேடான் வெளியே வருவது குறைவு. நீங்கள் அந்தக் கண்ணாடியைக் காரத்தில் கரைத்துவிட்டீர்களே, இப்போது ரேடான் கூடுமா, குறையுமா?" காமாச் சுட்டெண் இதற்குப் பதில் சொல்லாது. இரண்டு பக்கமும் இழுக்கிற காரணங்கள் இருக்கின்றன என்றேன்: உருண்டை உடைந்தால் ரேடான் தப்ப வழி, ஆனால் புதிதாக உருவாகும் இறுக்கமான கூழ்மம் நுண்துளைகளை அடைக்கிறது, அளந்துதான் சொல்ல முடியும். வெள்ளவத்தையில் ஏசி போட்டு யன்னலே திறக்காத அடுக்குமாடி வீடுகளை நினைத்தால் அது சும்மா கேட்ட கேள்வி இல்லை, காற்றோட்டமுள்ள பழைய வீட்டில் ரேடான் தானாகக் கலைந்துவிடும்.

அந்தப் பகுதியை "எதிர்கால வேலை" என்று எழுதச் சொன்னார்கள், சில்லறைத் திருத்தங்களோடு விட்டுவிட்டார்கள். அடுத்த பட்ச் தம்பி ஒருவர் ரேடான் பக்கத்தைச் செய்ய விரும்புகிறார். மிச்சக் கற்கள் கலவை வாரியாக இலக்கமிட்டு வீட்டு பல்கனியில் இருக்கின்றன, அம்மா பூச்சட்டிக்கு முட்டுக்கொடுக்கத் தொடங்குவதற்கு முன் வந்து எடுத்துக்கொள்ளட்டும். சிங்களக் கடிதத்தின் மாதிரியும் என்னிடம் உண்டு, வேறு யாருக்கும் தேவை என்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.