பிரிட்டோரியாவில் கடைசி வண்டி எப்போது?

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ பிரிட்டோரியாவுக்கு வேலைக்கு வருகிறவர்கள் வீடு பார்க்கும்போது வாடகை, பள்ளிக்கூடம், காவல் ஏற்பாடு என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். இருட்டிய பிறகு அந்த வீட்டுக்கு எந்த வண்டி வரும் என்று கேட்பவர்கள் குறைவு. தென்னாப்பிரிக்காவின் நிர்வாகத் தலைநகரம் இது. அமைச்சகங்களும் தூதரகங்களும் நிறைந்த ஊர். ஆனாலும் இரவு ஒன்பது மணிக்கு மேல் பொதுப் போக்குவரத்து என்று சொல்லிக்கொள்ள இங்கே ஏறக்குறைய ஒன்றும் இல்லை. பதினோரு மணிக்கும் பஸ் ஸ்டாண்டில் ஏதாவது ஒரு வண்டி நிற்கும் என்ற நம்பிக்கையை ஊரிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

இதற்குக் காரணம் பழையது. 1950-இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம் இனவாரியாக மக்களைப் பிரித்து நகரத்துக்கு வெளியே தள்ளியது. மராபாஸ்டாடில் இருந்த இந்தியக் குடும்பங்கள் தென்மேற்கே லாடியத்துக்குப் போயின. கறுப்பின மக்கள் மாமெலோடி, ஆட்ரிட்ஜ்வில், மபோபானே என்று தொலைவில் குடியேற்றப்பட்டார்கள். விடியும் முன் உழைப்பாளிகளை நகரத்துக்குக் கொண்டுவர வேண்டும், பொழுது சாயும்போது திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்ற கணக்கில்தான் வண்டிகள் ஓடின. 1994-இல் ஆட்சி மாறியது, கால அட்டவணையின் உடல்வாகு மாறவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு வண்டிகள் நிரம்பி வழிவதும், இரவு எட்டு மணிக்குச் சாலை வெறிச்சோடுவதும் அதனால்தான். எங்கே போவதானாலும் திரும்பி வரும் வண்டியை முதலில் விசாரியுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் பழகுவது கௌட்ரெயின் என்ற விரைவு ரயில். தடம் இரண்டு. ஒன்று ஜோகானஸ்பர்க் பார்க் நிலையத்திலிருந்து ரோஸ்பேங்க், சாண்ட்டன், மார்ல்போரோ, மிட்ராண்ட், செஞ்சூரியன், பிரிட்டோரியா வழியாக ஹாட்ஃபீல்ட் வரை. மற்றது சாண்ட்டனிலிருந்து ஓ.ஆர். டாம்போ விமான நிலையம் வரை. விமான நிலையத் தடம் 2010 ஜூனில், கால்பந்து உலகக் கோப்பைக்குச் சற்று முன் திறந்தது. பிரிட்டோரியாவுக்கு ரயில் வந்தது 2011 ஆகஸ்டில். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம், சுத்தம், காவலர்கள், கண்காணிப்புக் கேமரா எல்லாம் உண்டு. ஓடும் நேரம் காலை ஐந்தரை வாக்கிலிருந்து இரவு ஒன்பது வாக்கு வரை. அலுவலக நேரத்தில் 10 அல்லது 12 நிமிடத்துக்கு ஒன்று, நடுப்பகலில் 20 நிமிடம், சனி ஞாயிறில் 30 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணை அவ்வப்போது மாறும். அவர்களுடைய செயலியில் அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலர் தவறுவது ஓர் இடத்தில். கடைசி ரயில் இத்தனை மணிக்கு என்று சொன்னால், அது தடத்தின் முனையிலிருந்து கிளம்பும் நேரமாக இருக்கலாம். உங்கள் நிலையத்துக்கான நேரத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். வண்டி மாறுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து பிரிட்டோரியா வர மார்ல்போரோவில் இறங்கி வடக்கே போகும் ரயிலுக்கு மாற வேண்டும். விமான நிலையத்திலிருந்து கிளம்பும் ரயில் கிடைத்தாலும், மார்ல்போரோவில் வடக்கு ரயில் போய்விட்டிருந்தால் பயனில்லை. விமானம் இரவு ஏழரைக்குத் தரை இறங்குகிறது என்றால், குடிவரவு வரிசை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வரும்போது எட்டரையைத் தாண்டிவிடலாம். அப்படிப்பட்ட டிக்கெட்டை எடுக்கும்போதே வீட்டுக்குப் போகும் காருக்கும் பணம் ஒதுக்கிவிடுங்கள். விமான நிலையத்துக்கான ரயில் கட்டணமும் சாதாரணக் கட்டணம் அல்ல. ஒருவருக்கு 200 ராண்டுக்கு மேல் ஆகும். மூன்று நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குக் காரே மலிவாக முடியலாம்.

ரயிலில் ஏற கௌட்ரெயின் கார்டு வாங்கலாம், அல்லது தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையையே பயன்படுத்தலாம். ஒரு அட்டையில் ஒருவர் மட்டுமே போகலாம். கணவன் தட்டி மனைவியையும் உள்ளே விட முடியாது. கௌட்ரெயின் கார்டில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் கதவு திறக்காது. உள்ளே போக எதைத் தட்டினீர்களோ அதையேதான் வெளியேறவும் தட்ட வேண்டும். போகும்போது கைபேசி, வெளியேறும்போது பிளாஸ்டிக் அட்டை என்று மாற்றினால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்கானாலும் இயந்திரத்துக்கு அவை இரண்டு வெவ்வேறு அட்டைகள். முடியாத பயணம் என்று கணக்கில் நின்று கூடுதல் பணம் பிடித்துவிடும். ரயிலிலும் நடைமேடையிலும் சாப்பிடுவது, குடிப்பது, சூயிங்கம் மெல்லுவது மூன்றுக்கும் தடை உண்டு, அபராதமும் உண்டு. குழந்தைக்குக் கட்டிக்கொண்டு வந்த இட்லியை நிலையத்துக்கு வெளியே கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.

ரயில் ஓடுகிறது என்பதால் ரயிலோடு இணைந்த பஸ்ஸும் ஓடும் என்று நினைக்கக்கூடாது. கௌட்ரெயின் பஸ்கள் வார நாட்களுக்கானவை. சனி ஞாயிறில் சில தடங்களில் மட்டுமே உண்டு. ரொக்கம் வாங்க மாட்டார்கள். ரயிலிலிருந்து இறங்கி உடனே ஏறினால் பஸ் கட்டணம் குறைவு, தனியாக ஏறினால் அதிகம். கடைசி ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்குப் பஸ் காத்திருக்கும் என்று எண்ணாமல் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியை முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். காரை நிலையத்து நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு ரயிலில் போவது இங்கே பலருக்கும் பழக்கம். அதற்கும் அதே அட்டைதான்.

நகருக்குள் ஓடும் ஆ ரே யெங் பஸ் 2014 டிசம்பரில் தொடங்கியது. நகர மையத்தையும் ஹாட்ஃபீல்டையும் இணைக்கும் தடம்தான் முதலில் வந்தது. தனிப்பாதை, உயர்ந்த நடைமேடை, அட்டை மட்டும். அது நானா சீதா தெரு வழியே வருவதை இங்கே வாழும் இந்தியர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். குஜராத்தில் பிறந்த சத்தியாக்கிரகி நானா சீதா, குழுப் பகுதிகள் சட்டத்தின்படி லாடியத்துக்குப் போக மறுத்துத் திரும்பத் திரும்பச் சிறை சென்றவர். இந்த பஸ்ஸும் இரவு எட்டு மணி வாக்கில் அடங்கிவிடும். மாநகராட்சியின் பழைய பஸ்களோ அலுவலக நேரத்துக்கானவை. மாலை நெரிசல் தணிந்ததும் அவையும் பணிமனைக்குப் போய்விடும். ஞாயிறும் அரசு விடுமுறையும் அவற்றை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

தெருப் பெயர் இன்னொரு சிக்கல். 2012-இல் பெயர்கள் மாறின. ஸ்கின்னர் தெரு நானா சீதா ஆனது, ஸ்கூமன் தெரு ஃபிரான்சிஸ் பார்ட் ஆனது, வெர்மியூலன் மடிபா ஆனது, சர்ச் தெரு துண்டு துண்டாகப் பல பெயர் பெற்றது. செயலியில் புதுப் பெயர் இருக்கும். லாடியம் அங்கிள்களும் வயதான ஓட்டுநர்களும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மினிபஸ் டாக்சி. இங்கே டாக்சி என்று ஒருவர் சொன்னால் 15 பேர் உட்காரும் வெள்ளை வேனைத்தான் சொல்கிறார். இந்த ஊரின் பெரும்பான்மை உழைப்பாளிகளைச் சுமப்பது இதுதான். ரயிலை மட்டும் பார்த்துவிட்டு பிரிட்டோரியாவைத் தெரியும் என்று சொல்ல முடியாது. அதற்கு அச்சிட்ட அட்டவணை இல்லை. வண்டி நிரம்பினால் கிளம்பும், நிரம்பாவிட்டால் நிற்கும். காலை ஐந்து மணிக்கு ஐந்து நிமிடத்தில் நிரம்பும் வண்டி, காலை பதினொன்றரைக்கு அரை மணி நேரம் நிற்கலாம். இரவு ஏழுக்கு மேல் நிரம்ப ஆளே வராது. ஆகவே 'கடைசி டாக்சி' என்பது கடிகாரத்தைப் பொறுத்தது அல்ல, கூட்டத்தைப் பொறுத்தது. மாலை ஐந்திலிருந்து ஆறரைக்குள் ரேங்குக்கு, அதாவது டாக்சி நிலையத்துக்கு, வந்துவிட்டால் கவலை இல்லை.

பெரிய ரேங்குகள் போஸ்மன், ப்ளூட் தெரு, மராபாஸ்டாட். பெரும்பாலான தடங்கள் நகர மையத்துக்கு வந்துதான் பிரியும். லாடியத்திலிருந்து மாமெலோடி போக வேண்டுமானால் நடுவில் இறங்கி, இன்னொரு ரேங்குக்கு நடந்து, வேறு வண்டி ஏற வேண்டியிருக்கும். இரண்டாவது வண்டி நிரம்பும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். கட்டணம் ரொக்கம். பின்வரிசையிலிருந்து காசு கைமாறி முன்னால் போகும், சில்லறை அதே வழியில் திரும்பி வரும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்தான் எல்லோருடைய காசையும் எண்ணிச் சில்லறை பிரிக்க வேண்டும். பழகும் வரை அந்த இருக்கையைத் தவிர்த்து நடு வரிசையில் உட்காருங்கள். 200 ராண்ட் தாளை நீட்ட வேண்டாம். 10, 20 தாள்களும் நாணயமும் கையில் இருக்கட்டும். வழியில் ஏற கை ஜாடை உண்டு. எந்த விரலுக்கு எந்தத் தடம் என்பது ஊருக்கு ஊர் மாறும், ஜோகானஸ்பர்க் ஜாடை இங்கே செல்லாது. உடன் வேலை செய்யும் உள்ளூர்க்காரரிடம் உங்கள் தடத்துக்கான ஜாடையைக் கேளுங்கள், மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார். இறங்க மணி கிடையாது, உரக்கச் சொல்ல வேண்டும். சிக்னலைத் தாண்டி இறங்க 'ஆஃப்டர் ரோபோட்', அடுத்த இடது திருப்பத்தில் இறங்க 'ஷார்ட் லெஃப்ட்'. ஏறும்போது மற்றவர்களுக்கு வணக்கம் சொல்வது மரியாதை.

டாக்சிச் சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தால் ஊரே நின்றுவிடும். அன்றைக்கு மற்ற வண்டிகளையும் மறிக்கக்கூடும், ஆகவே காரிலும் கிளம்பாமல் செய்தியைக் கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சம்பளக் கூட்டத்தால் வரிசை நீளும். டிசம்பர் 16 முதல் ஜனவரித் தொடக்கம் வரை பல வண்டிகள் சொந்த ஊர் போகும் மக்களை ஏற்றிக்கொண்டு தொலைதூரம் போய்விடும், உள்ளூர்த் தடங்கள் மெலியும்.

மெட்ரோரயில் என்ற அரசுப் புறநகர் ரயில் மலிவானது. 2020 ஊரடங்கின்போது கம்பித் திருட்டாலும் நிலையங்களைச் சூறையாடியதாலும் பெரும்பாலான தடங்கள் நின்றுபோய், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பின. உங்கள் தடம் ஓடுகிறதா என்று நிலையத்தில் நேரில் கேட்காமல் அதை வைத்து வீடு பார்க்க வேண்டாம்.

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மராபாஸ்டாட் மாரியம்மன் கோயில் 1920-களின் இறுதியில் எழுந்தது. பக்கத்திலேயே டாக்சி ரேங்க் இருப்பதால் பகலில் போவது எளிது. வெள்ளி மாலைப் பூசை முடிந்து வரும்போது கடைகள் அடைத்து, தெரு ஆளற்றுக் கிடக்கும். மாலையில் தனியாக ரேங்குக்கு நடக்காமல், காரில் வரும் குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, அந்த ஆன்ட்டிகள் தாங்களே கேட்டு ஏற்றிக்கொள்வார்கள். தீபாவளி இங்கே அரசு விடுமுறை அல்ல, ஆகவே அன்றைக்கு அட்டவணை மாறாது. புனித வெள்ளி விடுமுறை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பல ஊர்களில் அந்த நாளில் மாரியம்மனுக்கு விழா எடுக்கிறார்கள், ஆனால் வண்டிகள் விடுமுறைக் கணக்கில்தான் ஓடும். அரசு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்களும் சட்டப்படி விடுமுறை. அந்தத் திங்களில் வழக்கமான அட்டவணையை நம்பி அலுவலகப் பஸ்ஸுக்கு நிற்கிற புதியவர்கள் நிறையப் பேர்.

நம் ஊரில் பொழுது சாயும் நேரம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே அப்படி இல்லை. டிசம்பரில் இரவு ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும், ஜூனில் ஐந்தரைக்கே இருட்டிவிடும், காலையில் ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் வரும். டிசம்பரில் நடந்து வந்த அதே பாதை ஜூனில் உகந்தது அல்ல. கோடையில் பிற்பகல் இடிமழை வேறு. மின்னலும் மின்வெட்டும் சேர்ந்தால் ரோபோட்கள் என்னும் சிக்னல் விளக்குகள் அணைந்து ஒவ்வொரு சந்திப்பிலும் வண்டிகள் தேங்கும். அப்படிப்பட்ட நாளில் செயலிக் காரின் கட்டணமும் ஏறும்.

அந்தச் செயலிக் கார்கள்தான், ஊபரும் போல்ட்டும், ஒன்பது மணிக்கு மேல் கைகொடுப்பவை. டாக்சிக்காரர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள சச்சரவால் ஓட்டுநர்கள் சிலர் நிலைய வாசலிலோ மால் வாசலிலோ நிற்க அஞ்சுவார்கள். குறித்த ஏறுமிடத்துக்குக் காவலர்கள் இருக்கும் பக்கமாக வந்து நில்லுங்கள். எண் பலகையைச் சரிபார்க்காமல் ஏறக்கூடாது. கைபேசியில் மின்னூட்டம் இல்லாவிட்டால் கார் இல்லை என்பதால் பவர் பேங்க் பையிலேயே இருக்கட்டும். அவசரத்துக்கு கைபேசியிலிருந்து 112, காவல்துறைக்கு 10111.

டர்பனில் உறவுக்காரர்கள் உள்ளவர்கள் இரவுச் சொகுசுப் பஸ்ஸில் போய் வருவார்கள். 600 கிலோமீட்டருக்கு மேல், எட்டு ஒன்பது மணி நேரம். திரும்பி வரும் பஸ் விடிகாலை நான்கு மணிக்கு பிரிட்டோரியா நிலையத்தில் இறக்கிவிட்டால், பெட்டியோடு வெளியே போகாமல் பஸ் அலுவலகத்திலேயே வெளிச்சம் வரும் வரை உட்காருங்கள். முடிந்தால் காலை ஏழு மணிக்கு வந்து சேரும் பஸ்ஸாகப் பார்த்து எடுங்கள்.

உணவகத்திலோ மருத்துவமனையிலோ அழைப்பு மையத்திலோ வேலைக்கு வருகிறவர்கள் ஒரு சட்டத்தைத் தெரிந்திருக்க வேண்டும். 1997-இன் அடிப்படை வேலை நிலைமைகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மாலை ஆறு முதல் காலை ஆறு வரை செய்யும் வேலையை இரவு வேலை என்கிறது. அதற்குக் கூடுதல் படியோ குறைந்த வேலை நேரமோ தர வேண்டும். ஷிஃப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போக்குவரத்து கிடைப்பதையும் முதலாளி உறுதிசெய்ய வேண்டும். அரசு நிர்ணயித்த சம்பள வரம்புக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு இது பொருந்தாது. 'கிடைப்பது' என்றால் இலவசம் என்று சட்டம் சொல்லவில்லை. எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இரவு பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்தால் எந்த வண்டி, எங்கே ஏறுவது, வாசல் வரை வருமா, செலவு யாருடையது என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.